பிந்தி வந்த பெயர்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, பிறந்த நாள் முதலாகத் தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டுவந்த தீர்ப்பு பிழையானது என்று ஒருநாள் தெரியவருகிறது. அப்பொழுது அவர் மகிழ வேண்டுமா, அழ வேண்டுமா? இஃது உளவியலாளர் மாத்திரம் விடையிறுக்க வேண்டிய வினாவென்று நாம் கருதவில்லை. அறம் பற்றிய வினாவுமாகும்.

ஸ்கொட்லாந்தின் பாடகி சூசன் பொயிலை நம் வாசகர் பலர் அறிவர். 2009ஆம் ஆண்டு தொலைக்காட்சிப் போட்டியொன்றிற் பாடி உலகப் புகழ் எய்தியவர். 1961இல், மேற்கு லோதியன் பகுதியிலே, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தார். பிறப்பின்போது பிராணவாயு போதாமையால் மூளை பழுதடைந்துவிட்டது என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சொல் அவருடனேயே பாடசாலைக்கும் சென்றது. சக மாணவர் மந்தபுத்திக்காரியென்று பட்டஞ்சூட்டிப் பரிகசித்தனர். படிப்பை விட்டபின் அவருக்கு வாய்த்த உத்தியோகம், கல்லூரியொன்றின் சமையலறையில் ஆறுமாதப் பயிற்சி மாத்திரமே. 2012இல் நிபுணர் ஒருவர் ஆராய்ந்து, அவருக்கிருப்பது மூளைப் பழுதன்று, ஓட்டிசத்தைச் சேர்ந்த அஸ்பேர்கர் நிலை என்று கண்டார். அதாவது, உலகை வேறுவிதமாக உணரும் பிறவி இயல்பு. மறுவருடம் டிசெம்பரில் அதனைப் பகிரங்கப்படுத்திய அவர், தமக்கு ஆறுதல் கிடைத்ததென்றும் பழைய பட்டம் நியாயமற்றதென்றும் கூறினார்.

ஆறுதலும் அநியாயமும்! இவ்விரண்டும் ஒரே மூச்சில் வந்ததை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வயதுவந்தபின் ஓட்டிசமென்று அறியப்படுவோரைச் சூழ்ந்திருப்போர் முதலாவதைக் கேட்கவே விரும்புகின்றனர். 'இப்பொழுதாவது தெரிந்ததே, இனி நிம்மதியாக இருக்கலாமே' என்கின்றனர். அந்த மனிதரோ நித்திரையின்றிக் கிடந்து தம் வாழ்வைப் பின்னோக்கி வாசிக்கிறார். கர்வமென்று பேசப்பட்ட மௌனம், சோம்பலென்று ஏசப்பட்ட களைப்பு, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நெஞ்சிரக்கமில்லாதவரென்று வாங்கிக்கட்டிய பெயர் என ஒவ்வொன்றும் புதிதாக எழுந்து நிற்கிறது. தம்மைத் திருத்திக்கொள்ளப் பட்ட பாடெல்லாம் செய்யாத குற்றத்துக்கு இறுத்த தண்டமென்று விளங்கும்போது, துக்கமும் கோபமும் வராமல் எப்படியிருக்கும்? அக்கோபத்தையும் 'அந்த வியாதியின் குணம்' என்று தள்ளிவிடுவோர் பழைய தீர்ப்பையே மறுபடியும் எழுதுகின்றனர்.

யார் மீது கோபம்? இங்கேதான் நிதானம் வேண்டும். லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைக் கொண்டு ஓட்டிசத்தை விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் அது சிறுபிள்ளைகளின் அபூர்வ வியாதியாகவே எண்ணப்பட்டது. தாயின் அன்பு வரட்சியே காரணமென்று தாய்மாரைக் குற்றஞ்சாட்டிய கொடுமையும் நிகழ்ந்தது. லோர்னா விங் என்ற ஆங்கில வைத்தியர் 1981இல் அஸ்பேர்கரின் ஆய்வை எடுத்து விளக்கிய பின்னரே, பேச்சும் படிப்பும் உள்ளோரிடத்தும் இந்நிலை உண்டென்பதை உலகம் மெல்ல உணரத் தொடங்கியது. ஆகவே 1960களின் ஆசிரியருக்கு இப்பெயர் தெரிந்திராதது குற்றமாகாது. ஆனால், விளங்காத பிள்ளையைப் பரிகசிக்காதிருக்கவும் பிரம்பை எடுக்காதிருக்கவும் வைத்திய சாஸ்திரம் தேவையா? 'மொக்கு' என்ற சொல் நம் வகுப்பறைகளில் எவ்வளவு இலகுவாகப் புழங்குகிறது என்பதை ஆசிரியர்களாகிய வாசகர் நன்கறிவர்.

மறுபக்கமும் உண்டு. பெயர் கிடைத்தவுடன், தம்மாற் பிறர் பட்ட காயங்கள் ஆறிவிடுமா? மனைவியின் கண்ணீரைக் காணாதுவிட்டது வேண்டுமென்று செய்ததன்று. எனினும் அவள் அழுதது உண்மை. தம்மைக் கொடியவரென்று அவர் இனி எண்ணவேண்டியதில்லை. ஆனால் அவளோடு உட்கார்ந்து பேசவேண்டியிருக்கிறது.

கானரின் கட்டுரையில் முதலாவதாக வரும் பிள்ளை, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெற். மூன்றாவது வயதில் விடுதியொன்றில் ஒப்படைக்கப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டின்பின் பெற்றோரால் மீட்கப்பட்டவர். பின்னர் பட்டம் பெற்றார். தாயின் குடும்பத்துக்குப் பங்கிருந்த வங்கியிற் பல தசாப்தங்கள் வேலை பார்த்தார். தனியே நாடுநாடாகப் பிரயாணஞ் செய்தார். ஊரார் அவரை அவருடைய போக்கிலேயே ஏற்றுக்கொண்டனர். 2023இல், எண்பத்தொன்பதாவது வயதிற் காலமானார். அவரை வாழவைத்தது கானர் கொடுத்த பெயரா, குடும்பத்தின் வங்கியா? சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு இவ்விரண்டுமே இருக்கவில்லை. குரல் இருந்தது. அதையும் நாற்பத்தேழு வயதுவரை, ஊருக்கு வெளியே கேட்டவர் மிகச் சிலரே.

குரலும் இல்லாதவர்களே அதிகம். இங்கிலாந்து 2009இல் ஓட்டிசமுடைய வளர்ந்தோருக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அங்கும் பரிசோதனைக்காக நெடுநாட் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பெயரைப் பெற்று வீடு திரும்பும் தொழிலாளி மறுநாட் காலை அதே யந்திர இரைச்சலுக்கும் அதே மேற்பார்வையாளரிடமுமே போகிறார். விஷயத்தைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி, வைத்தியர் தந்த கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் புறப்படுகிறார். 'மனத்தைத் தேற்றிக்கொள்' என்று அவரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு?