மூச்சு வாங்க வரும் உயிர்

இலங்கையின் தென்கரையில், மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை காலைதோறும் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் கிளம்புகின்றன. அங்கே கண்டத்திட்டு குறுகலானது. கரையை விட்டுச் சில மைல் போனாலே ஆழ்கடல்; அங்கே நீலத் திமிங்கிலம். 1986இல் வணிகத் திமிங்கில வேட்டைக்கு உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. ஈட்டி போய்க் கேமரா வந்துவிட்டது, இனி நம் கை சுத்தம் என்று ஒரு நிம்மதி நமக்கு. ஆனால் திருக்குறள் கொல்லாமையோடு நிற்கவில்லை. இன்னா செய்யாமைக்கும் தனி அதிகாரம் வைத்திருக்கிறது. உயிரை விட்டுவைத்தாலும் துன்பம் தரலாம் என்றால், வெறும் பார்வையும் துன்பம் ஆகுமா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகலாம். திமிங்கிலம் நமக்குக் காட்சி தர மேலே வருவதில்லை. மூச்சு வாங்க வருகிறது. பத்து நிமிடம்போல ஆழத்தில் இரை தேடிவிட்டு எழும்பும். சில முறை நீர்த்தூவலாய் மூச்சை விட்டு இழுக்கும். பிறகு முதுகை வளைத்து, வாலைத் தூக்கி அமிழும். நாம் படம் பிடிப்பது அந்த இடைவெளியைத்தான். நாலு படகுகள் நாலு பக்கமும் விரைந்து வந்தால் அது மூச்சை முடிக்காமலே அமிழக்கூடும். அதன் தவிர்க்க முடியாத தேவையே நமக்கு வாய்ப்பாகிறது என்பதுதான் இங்குள்ள அறச்சிக்கல்.

நேரில் பார்த்தால்தானே காக்கத் தோன்றும் என்பார்கள். உண்மைதான், உயிரோடுள்ள திமிங்கிலத்தால் பிழைக்கும் ஊர் அதைக் கொல்ல நினைக்காது. ஆனால் பின்விளைவு நல்லது என்பதால் வழி நல்லதாகிவிடாது. துரத்திப் பார்த்தவன் கற்றுக்கொள்வது துரத்தலையும்தான். அதே கரையிலுள்ள தெவுந்தர முனைக்குத் தெற்கே போகும் சரக்குக் கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றனவே, சின்னப் படகை ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கப்பலின் கேடு பெரிது. 2022இல் எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கிக்கொண்டது. திமிங்கிலத்துக்காகக் கடலுக்குப் போகாத சரக்குக் கப்பலே விலக முடியுமானால், அன்பின் பெயரால் போகும் படகுக்குக் கடமை கூடத்தான் செய்யும்.

மெக்சிகோவின் சான் இக்னாசியோ உப்பங்கழியில் சாம்பல் திமிங்கிலங்கள் தாமாகவே படகை ஒட்டி வருகின்றனவே என்றும் கேட்கலாம். அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது: அங்கே நெருங்குவதும் விலகுவதும் திமிங்கிலத்தின் விருப்பம். கோயிலில் திரை போட்டிருந்தால் பக்தர் காத்திருக்கிறார், விலக்கிப் பார்ப்பதில்லை. காட்சி கொடுப்பவரின் உரிமையை ஒப்புக்கொண்டால்தான் பார்ப்பது தரிசனம்.

ஆகவே போகாதே என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எட்ட நின்று வேகத்தைக் குறைக்கும் படகுக்காரரைத் தேடிப் போகலாம். கொடுத்த காசு கடலுக்குப் போய்வந்ததற்கு. திமிங்கிலத்துக்கு விலை இல்லை. ஒன்றும் தென்படாமல் திரும்பிய நாளிலும் ‘ஏமாந்தோம்’ என்று சொல்லாதவருக்கே அதைப் பார்க்கப் போகும் தகுதி உண்டு.