எரவாணத்து முடி

பெரியம்மா திருமலைக்குப் போய்வந்து 11 நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் இன்னும் கை பிடரிக்குப் போகிறது. அங்கே கொண்டை இல்லை. வெறும் தலையை ஒருமுறை தடவிவிட்டு இறங்கிவிடுகிறது. 68 வயதிலும் இடுப்பைத் தொடும் முடி அவளுக்கு. பேரனுக்கு உடம்பு தேறினால் தருவதாக வேண்டிக்கொண்டாள். தேறினான், கொடுத்துவிட்டாள்.

வாசலில் யாராவது குரல் கொடுத்தால் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். வெட்கமா பெரியம்மா என்றேன்.

"வெக்கம் இன்னாத்துக்கு? வெயிலு."

பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகும் முந்தானை தலையில்தான் இருந்தது.

*

பெரியம்மாவின் ஊரான பெருநகர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் இருக்கிறது. பக்கத்தில் செய்யாறு, பெரும்பாலும் மணலாக. தைப்பூசத்தன்று சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் அந்த மணலில் வந்து கூடுவார்கள். மற்ற நாட்களில் ஆடு மேயும்.

இந்தத் தெருவில் நான் இரண்டு நாளாகக் கவனிப்பது துண்டை. கதவு தட்டப்படுகிறது, உள்ளே நைட்டியில் இருக்கும் பெண் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளைச் சுற்றி மார்பின் மேல் போட்டுக்கொண்டு வந்து திறக்கிறாள். ரேஷன் கடைக்கும் துண்டு, குழாயடிக்கும் துண்டு. ஈரமாக இருந்தாலும் சரி, பிள்ளையின் பள்ளிக்கூட டவலாக இருந்தாலும் சரி. நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பதே இல்லை.

விசித்திரம் என்னவென்றால், அந்த நைட்டி கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருக்கிறது. புடவை இடுப்பைக் காட்டும், முதுகைக் காட்டும். ஆனாலும் புடவை கட்டியவள் அப்படியே பஸ் ஏறலாம். நைட்டிக்காரிதான் துண்டைத் தேட வேண்டும். உடலில் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதல்ல இங்கே அளவு. எது வீட்டுக்குள், எது தெருவுக்கு என்பதுதான். உத்திரமேரூர் இங்கிருந்து கொஞ்ச தூரம். அங்கே முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு யார் நிற்கலாம் என்று வயதும் நிலமும் படிப்பும் கணக்கிட்டுச் சுவரில் வெட்டி வைத்தார்கள். துண்டுக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனாலும் இந்தத் தெருவில் அதை மீறியவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

*

எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். யூத மரபில் இந்த அடக்கத்துக்கு ட்ஸ்னியுத் என்று பெயர். பேச்சிலும் நடத்தையிலும் உள்ள அடக்கமும் அந்தச் சொல்லில் சேர்த்திதான். உடைக்கு வந்தால் ஜாக்கெட் தைப்பவளிடம் சொல்கிற மாதிரியே அளவு சொல்லிவிடலாம். கை முழங்கையை மூட வேண்டும், கழுத்து காறை எலும்புக்கு மேலே நிற்க வேண்டும், பாவாடை முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும். காற்சட்டை பெரும்பாலும் ஆகாது. கம்பளியும் லினனும் ஒரே துணியில் கலக்கக் கூடாது என்று யூத வேதத்தில் லேவியராகமமும் உபாகமமும் சொல்கின்றன. அதற்காகக் கோட்டின் காலரைப் பிரித்து, உள்ளே எந்த நூல் என்று பார்த்துச் சொல்லும் ஆட்கள் இன்றைக்கும் உண்டு. பட்டுக்கும் பருத்திக்கும் அந்தத் தடை இல்லை. காஞ்சிபுரத்துப் புடவை நூலில் தேறிவிடும், இடுப்பில்தான் தவறும். நைட்டியோ, கையை இரண்டு விரற்கடை நீட்டித் தைத்தால், முழுப் பாஸ்.

கல்யாணமானவள் முடியை மூட வேண்டும் என்பதும் உண்டு. எண்ணாகமத்தின் 5ஆம் அதிகாரத்தில், சந்தேகத்துக்கு ஆளான ஒரு மனைவியின் தலையைப் பூசாரி திறக்கிறார். திறந்தார் என்றால் அதற்கு முன் மூடியிருந்தது என்றுதானே அர்த்தம் என்று, வேதத்துக்கு விளக்கம் சொல்லும் தல்முத் என்ற நூலின் அறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். குற்றம் சாட்டும் ஒரு காட்சியிலிருந்து கோடிப் பெண்களின் அன்றாடத்துக்கு விதி பிறந்திருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது.

அதே தல்முத்தில் கிம்ஹித் என்றொரு தாய் வருகிறாள். அவளுடைய 7 பிள்ளைகளும் தலைமைப் பூசாரிகளானார்கள். அப்படி என்ன புண்ணியம் செய்தாய் என்று கேட்டார்கள். என் வீட்டு உத்தரங்கள்கூட என் சடையைப் பார்த்ததில்லை என்றாளாம். கதை அங்கே முடிந்திருந்தால் பள்ளிக்கூடத்து நீதிக்கதை. முடியவில்லை. எத்தனையோ பேர் அப்படி இருந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று அறிஞர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருந்ததற்காகவே அந்த நூலின் மேல் எனக்குப் பிரியம்.

இந்த வீட்டின் உத்தரம் பனை. அதுவும் பெரியம்மாவின் சடை பின்னலைப் பார்த்திருக்காது. அவள் எப்போதும் தோட்டத்துப் பக்கம் கிணற்றடியில் உட்கார்ந்துதான் தலை வாருவாள். விளக்கு வைத்த பிறகு சீப்பைத் தொட விடமாட்டாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதற்காகச் சின்ன வயதில் நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

*

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டிய பரதேசி சினகாக் என்னும் யூத ஆலயத்தில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் கோயில் மாதிரி. கொச்சியின் யூதப் பெண்கள் முண்டும் ரவிக்கையும் உடுத்தியவர்கள், தாலி கட்டிக்கொண்டவர்கள். அக்கம்பக்கத்து மலையாளப் பெண்ணின் உடையிலேயே தங்கள் வேத விதியையும் நடத்திக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகங்களில் மலையாளத்தில் பாட்டு எழுதி வைத்து, ஆண்கள் இருக்கும் இடத்திலும் பாடினார்கள். பெண் குரலை அந்நிய ஆண் கேட்கக் கூடாது என்று கண்டிப்பான யூதர்கள் வேறு பல இடங்களில் நினைக்கிறார்கள். முடிக்கு ஓர் ஊரில் ஒரு கணக்கு, குரலுக்கு இன்னோர் ஊரில் வேறு கணக்கு.

1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்களின் பாட்டுகள் 2005-இல் ஜெருசலேமில் புத்தகமாக வந்தன, ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்து. புத்தகத்தின் பெயர் ‘கார்குழலி’. அந்தச் சொல்லுக்கு நமக்கு அகராதி வேண்டாம். முடியை மறைக்கச் சொல்லும் மரபின் பெண்கள் பாடிய பாட்டுக்குக் கருங்கூந்தல்காரி என்று பெயர்.

*

2004 மே மாதத்துச் செய்தி. அப்போது பேப்பரில் படித்துவிட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

கட்டுப்பாடான யூதப் பெண்கள் பலர் முடியை மறைக்க விக் வைத்துக்கொள்கிறார்கள். ஷைட்டல் என்று பெயர். சொந்த முடிமேல் அடுத்தவள் முடி. ஓவாதியா யோசெஃப் போன்ற ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், இது மறைப்பே அல்ல, துணி கட்டுங்கள் என்றார்கள். லுபாவிட்ச் என்ற குழுவின் ரப்பி ஷ்னீர்சன் நேர் எதிர்: துணி நழுவும், யாராவது பார்த்தால் தளரும், விக்கே நல்லது என்பது அவர் கட்சி. ஹங்கேரி வழி வந்த சாத்மார் போன்ற குழுக்களில் பல பெண்கள் கல்யாணமானதும் மொட்டையே அடித்துக்கொண்டு மேலே துணி கட்டுகிறார்கள். அந்த மொட்டையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நம் அக்கிரகாரத்து விதவைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஒப்பிடுவது சரியா, சொல்லத் தெரியவில்லை. கத்தியை யார் கேட்டு வாங்கினார்கள், யாருக்கு நீட்டப்பட்டது என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை.

நல்ல விக்குக்கு நீளமான, சாயம் காணாத, வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும் முடி வேண்டும். அது எங்கே கிடைக்கும்? திருமலையில். மொட்டை அடிக்கும் இடமான கல்யாணகட்டாவில் இறக்கிய முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறது. இது ஜெருசலேமில் எல்யாஷிவ் என்ற பெரிய ரப்பியின் காதுக்குப் போனது. லண்டனிலிருந்து டன்னர் என்ற ரப்பியைத் திருப்பதிக்கே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். அவர் வந்து சொன்னதைக் கேட்டபின் தீர்ப்பு: இது வேறு தெய்வத்துக்குப் படைத்த பொருள், அதிலிருந்து எந்தப் பயனும் அடையக் கூடாது. புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் தெருவில் தீ மூட்டி, ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான விக்குகளைப் போட்டு எரித்தார்கள்.

நேற்று ராத்திரி பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எரிச்சிட்டாங்களா? முடி எரிஞ்சா நாத்தம் கொடலைப் பொரட்டுமே."

கோபம் வரவில்லையா என்றேன்.

"கோவம் இன்னாத்துக்குடி? நம்ம சாமிக்குக் குடுத்தது அவங்களுக்கு ஆவாது. நாம மட்டும் ஒரு கோயில்ல படைச்ச பூவ எடுத்தாந்து இன்னொரு கோயில்ல சாத்துவமா?"

அடையைத் திருப்பிப் போட்டாள். நான் 2004-இல் சிரித்தது ஞாபகம் வந்து, தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

*

இன்று மதியம் தூக்கம் வராமல் இதை யோசித்தேன்.

அந்தத் தீர்ப்பை எல்லா ரப்பிகளும் ஏற்கவில்லை. முடி வெட்டுவது சன்னிதியில் அல்ல, தனிக் கட்டடத்தில். வெட்டிய முடி தெய்வத்தின் முன் கொண்டுபோய் வைக்கப்படுவதும் இல்லை. பக்தர் தன் அழகை விடுகிறார், அவ்வளவுதான். விட்டது வெறும் கழிவு. இது ஒரு கட்சி. மழிப்பதே வழிபாடு, ஆகவே முடியே படையல் என்பது மறு கட்சி.

தமிழில் இரண்டு கட்சிக்கும் சொல் இருக்கிறது. ‘முடி இறக்குவது’ என்கிறோம். சுமையை இறக்குவது போல. இறக்கி வைத்ததை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ‘முடி காணிக்கை’ என்றும் அதே வாயால் சொல்கிறோம். அப்போது அந்த முடி உண்டியல் காசுக்குச் சமம். டன்னர் யாரிடம் எந்தச் சொல்லால் கேட்டிருந்தாலும், கேட்ட சொல்லுக்குத் தகுந்த பதிலை நம் ஆட்கள் நேர்மையாகவே சொல்லியிருப்பார்கள்.

பெரியம்மாவிடம் கேட்டேன்: நீ இறக்கினாயா, காணிக்கை கொடுத்தாயா?

"ரெண்டுந்தான்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, நீலாதேவி கதையைச் சொன்னாள். பெருமாளுக்கு அடிபட்ட இடத்தில் முடி முளைக்காமல் போனதாம். கந்தர்வப் பெண் அவள், அதைப் பார்த்துவிட்டுத் தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்து அங்கே வைத்தாளாம். "சாமிக்கே வெறுந்தலையா இருக்கப் புடிக்கல பாரு" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் வெயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

*

மறுநாள் காலை 10 மணி இருக்கும். மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு முடி வாங்குகிறவர் தெருவுக்குள் வந்தார். உதிர்ந்த முடிக்குப் பாத்திரம், பிளாஸ்டிக் டப்பா, சீப்பு. முன்பெல்லாம் சவுரி கட்டுகிறவர்கள் வந்து ஊசிமணிக்கும் பாசிக்கும் வாங்கிப் போவார்கள். இப்போது தராசில் கிராம் கணக்கு.

பெரியம்மா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். எரவாணத்தில் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கையை விட்டு, சிலந்தி வலையோடு ஒரு பாலிதீன் பையை எடுத்தாள். உள்ளே எலுமிச்சம்பழ அளவுகளில் சுருள் சுருளாக முடி. தலை வாரும்போதெல்லாம் சீப்பில் வந்ததை விரலில் சுற்றி அங்கே செருகி வைத்தது. அடியில் இருந்த சுருள்கள் கருப்பு, மேலே வர வர நரை.

"இது சாமிக்குச் சொன்னது இல்லையே" என்றேன்.

"இது தானா உழுந்தது. இத யாரு வேணா வெச்சிக்கலாம்."

அவர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு டப்பாவை நீட்டினார். பெரியம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, துழாவி, பல் நெருக்கமான சிவப்புச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவர் அவளுடைய முந்தானையைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். எதிர்வீட்டுப் பெண் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிடி சிரி. தைப்பூசத்துக்குள்ள வளந்துடும்" என்று உள்ளே போனாள்.