அறிந்த பின்னும் அறியாமையோ?

நெதர்லாந்தின் பால்பண்ணைப் புல்வெளிகளில், தரைமேல் கூடமைத்து நான்கு முட்டையிடும் பறவை கருவால் மூக்கன். 2015-இல் அந்நாட்டார் அதனைத் தேசியப் பறவையாகத் தேர்ந்தனர். ஆயினும் மே மாதப் புல்லறுப்பில், பறக்கவியலாத அதன் குஞ்சுகள் புல்லிடையே பதுங்கியபடியே மடிகின்றன.

உழவர்க்குக் கொல்லும் எண்ணம் இல்லை. சங்கல்ப ஹிம்சையன்று, தொழில்வழி நேரும் ஹிம்சையே என்பர் நம்மவர். ஒப்புகிறேன். ஆனால், தன்னார்வலர் கூட்டருகே கழி நட்டுக் காட்டிய பின்னும் 'அறியாது நேர்ந்தது' எனலாகுமோ?

கழியும் முட்டைகளுக்கே காவல். பொரித்த குஞ்சுகள் கூட்டைவிட்டு இரைதேடி அலையும். அவை பிழைக்க, அறுப்பையே ஜூன் நடுப்பகுதிவரை தள்ளிவைத்தல் வேண்டும். முற்றிய புல்லில் சத்துக் குறையும், பாலும் குறையும். ஒப்பந்தம் செய்த உழவர்க்கு அரசு ஈடு தருகிறது. எனினும் மலிவாகப் பால் வேண்டுவோர்க்கும் அவ்வறுப்பில் பங்குண்டு என்பதே என் கருத்து. பறவை காக்கும் பண்ணையின் பாலுக்குக் கூடுதல் விலை தருவோரும் அந்நாட்டில் உளர்.