நனைந்த தானியமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும்

சென்ற மாதம் இணையத்தில் விளம்பரம் பார்த்து, பாவித்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை 6,000 ரூபாவுக்கு வாங்கினேன். 2022 இன் டொலர் நெருக்கடிக்குப் பிறகு புதிய கணனிப் பாகங்களின் விலை என் போன்றோருக்கு எட்டுவதில்லை. விற்றவர் கொட்டாஞ்சேனைக்காரர். லூசியா தேவாலயத்தருகே பொருளும் பணமும் கைமாறின. "நன்றாக வேலை செய்யும்" என்றார். மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சியில் நானும் வேறொன்றும் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து பரிசோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க் தன் கணக்கைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும்: எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை இடங்கள் பழுதாகி ஒதுக்கப்பட்டன என்றெல்லாம். இது ஓடியது 31,000 மணித்தியாலம். இரவு பகலாக மூன்றரை வருடம். பழுதான இடங்கள் நூற்றுக்கணக்கில். இன்று வேலை செய்யும், நாளை நின்றுவிடலாம்.

தொலைபேசியில் கேட்டேன். "எனக்கும் இப்படித்தான் கிடைத்தது நானா. பழுதாக்கியது நானில்லையே" என்றார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. குறை கண்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை நம் பிக்ஹில் உண்டு. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

அவர் சொன்ன பதில் மட்டும் மனதில் நின்றது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்ட ஹதீஸை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அது உண்மையாகவே இருக்கலாம். மழைக்கு அவர் பொறுப்பல்ல. நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. குறை எப்படி வந்தது என்பது ஒன்று. அது எங்கே வைக்கப்பட்டது என்பது வேறொன்று.

இப்போது ஈரத்தைத் துடைத்துவிடவும் வழி இருக்கிறது. பல்லாயிரம் மணித்தியாலம் ஓடிய சீகேட் ஹார்ட் டிஸ்க்குகளின் கணக்கைப் பூச்சியமாக்கி, புதியவை என்று விற்றிருந்தது 2025 ஜனவரியில் ஜெர்மனியில் அம்பலமானது. உள்ளே அழிக்கப்படாதிருந்த இன்னொரு பதிவே காட்டிக்கொடுத்தது.

இதுவரை அடுத்தவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். "நீங்களும் விளம்பரம் போட்டுத் தள்ளிவிடுங்கள்" என்றார் நண்பரொருவர். எழுத உட்கார்ந்தேன். விரல்கள் தாமாகவே "நன்றாக வேலை செய்யும்" என்று எழுதின. பொய்யில்லை, அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது வாங்குபவருக்கும் தெரிந்தால் 6,000 தருவாரா? தரமாட்டார். அப்படியானால் நான் விற்கப்போவது அவருடைய அறியாமையை. பணம் போனாலும் உழைத்துக்கொள்ளலாம். மௌத்தாகிப் போன தன் உம்மாவின் படங்களை அவர் அதில் நம்பி வைத்தால்?

"பழுதான இடங்கள் உண்டு, முக்கியமான எதையும் சேமிக்க வேண்டாம்" என்று மாற்றியெழுதி, பரிசோதனை முடிவையும் சேர்த்து, 500 ரூபா போட்டேன். கணனி திருத்தப் பழகும் பையன் ஒருவன், கழற்றிப் பார்ப்பதற்கென்று வாங்கிப் போனான்.

எனக்கு 5,500 ரூபா நட்டம். அதில் ஒரு பங்கு, அன்று தேவாலயத்தருகே நான் கேட்காமல் விட்ட கேள்விக்கானது. மிகுதி யாரோ ஒருவரிடம் வந்து நின்றாக வேண்டிய நட்டம், என்னிடம் நின்றது.