ஒட்டு விடும் இடம்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த கையோடு போய்விடாமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. இந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய நூறு சென்டிமீட்டர்தான். ஒரு வருஷ மழையில் பாதி ஒரே நாளில் இறங்கிவிட்டது.

அன்று விடியற்காலை திண்டிவனத்தில் எங்கள் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவர் விழுந்தது. மாமா நள்ளிரவிலேயே எல்லோரையும் எழுப்பி முன்கூடத்துக்குக் கூட்டி வந்திருந்ததால் யாருக்கும் அடி இல்லை. புயலில் விழுந்த சுவர் என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நான்கு வருஷமாக ஒரு ஒழுகல் நனைத்துக்கொண்டிருந்த சுவர் அது. புயல் வந்தது கடைசி நாளில்தான்.

பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம். நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். இரண்டு சரிவுகள் சந்திக்கும் மூலைக்குக் கூடுவாய் என்று பெயர். இரண்டு கூரையின் தண்ணீரும் அங்கே ஒன்றாகச் சேர்வதால் வீட்டிலேயே அதிகச் சுமை தாங்கும் இடம் அது. அங்கே ஓட்டுக்கு அடியில் தகரம் போட்டிருக்கும். ஓட்டின் விளிம்பை ஒட்டி முற்றத்தைச் சுற்றிலும் தொட்டி மாதிரி மடித்த தகரக் கால்வாய் ஒன்று கொக்கிகளில் தொங்கும். இப்போது வெல்டிங் பட்டறைக்காரர்கள் இதையே கட்டர் என்கிறார்கள். அக்கா வீட்டில் அந்தக் கால்வாய் சமையலறை மூலையில் வளைந்து, ஒரு குழாயில் இறங்கி, கொல்லைக் கிணற்றுக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது வைத்த குழாய்.

அந்த மூலையில்தான் ஒழுகியது. முதல் வருஷம் ஒரு கிண்ணம் வைத்தார்கள். அடுத்த வருஷம் பக்கெட். நான் போகும்போதெல்லாம் அந்தப் பக்கெட்டைப் பார்த்திருக்கிறேன். தாண்டித்தான் சமையலறைக்குள் போவோம்.

தை பிறந்து வெயில் வந்தபின் சுவரைக் கட்டுவதற்கு முன் தகரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று மாமா சொன்னார். மார்க்கெட் பக்கம் வாளி, புனல், டிரங்குப் பெட்டிக்குப் பற்றவைக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தோம். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நான் ஆர்வமாக ஏணியில் ஏறி ஒழுகும் மூலையைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

“ஒழுவுற எடத்தக் காட்டாத தம்பி. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாப்போம். ஒரு கொடம் தண்ணி குடு.”

கால்வாயின் மேல் முனையில் குடத்தைச் சாய்த்து மெதுவாக ஊற்றினார். தண்ணீர் ஓடி வந்து, மூலைக்கு நான்கடி முன்னாலேயே நின்றுவிட்டது. கொக்கி ஒன்று தளர்ந்து கால்வாய் அங்கே தொய்ந்திருந்தது. பத்தடி நீளத்துக்குக் கால் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும் என்பது தகர வேலையில் பொதுக் கணக்கு. இங்கே வாட்டம் பின்பக்கமாகப் போயிருந்தது. தேங்கிய தண்ணீர் அருகிலிருந்த ஒட்டின் வழியாகக் கசிந்து, தகரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நான்கடி ஊர்ந்து வந்து, மூலையில் சொட்டியிருக்கிறது. நாங்கள் நான்கு வருஷமாக மூலையை அடைத்துக்கொண்டிருந்தோம். ஓட்டை அங்கே இல்லவே இல்லை.

பெரியவர் உளியை எடுத்து மூலையில் இருந்ததைச் சுரண்ட ஆரம்பித்தார். மேலே எம்-சீல். அதற்கு அடியில் சிமென்ட். அதற்கும் அடியில் தார் தோய்த்த சாக்குத் துண்டு, பிறகு வெறும் தார். ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு பூச்சு. விரல் தடிமனுக்கு அது ஒரு வரப்பு மாதிரி எழுந்து நின்றது. அந்த வரப்பே தண்ணீரைப் போகவிடாமல் மறித்திருக்கிறது. மறித்த தண்ணீர் நாள் கணக்கில் நின்று தகரத்தைத் துருவேற்றியிருக்கிறது. அடைப்பதற்கு என்று நாங்கள் வைத்தவைதான் அந்தத் தகரத்தைத் தின்றிருக்கின்றன. உரித்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பழுப்புத் துருத் தூள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பூச்சும் தகரத்தைப் பிடித்ததே இல்லை, முந்தைய வருஷத்துத் துருவைத்தான் பிடித்திருந்தது.

சிமென்ட் ஏன் நிற்கவில்லை என்பதற்குக் கணக்கு உண்டு. இரும்புத் தகரம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இருபதடித் தகரம் இரவில் 25 டிகிரியிலும் உச்சிவெயிலில் 65 டிகிரியிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அலுமினியமாக இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. நம் ஊர் வெயிலில் இது தினமும் நடக்கிறது. சிமென்ட் வளையாது, அதனால் வெடித்துவிடும். தார் சில கோடைகளைத் தாங்கும், பிறகு காய்ந்து பாளம் பாளமாக வரும். ஈரச் சிமென்டின் காரம் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். ஒட்டு விடுவது தகரத்தின் குற்றமில்லை. இரண்டு தகரமும் அசையும் என்பதை மறந்து ஒட்டியவர்களின் குற்றம்.

பெரியவர் செய்ததை முழுக்க எழுதிவைக்க ஆசை. கொக்கியை நிமிர்த்தி, நூல் கட்டி வாட்டம் பார்த்தார். தேங்கிய இடத்து ஒட்டைப் பிரித்துத் துருப்பிடித்த பாகத்தை வெட்டி எடுத்தார். புதிய ஜி.ஐ. தகரத்தை மடித்து, மேலிருந்து வரும் தகரம் உள்பக்கமாகவும் கீழே போகும் தகரம் அதற்கு அடியிலும் வருமாறு நான்கு விரல் அகலத்துக்கு ஏற்றிவைத்தார். ஓடு வேயும் அதே முறைதான்: மேல்தண்ணீர் கீழ்த்தகரத்தின் மேல் விழ வேண்டும், விளிம்பில் மோதக் கூடாது. பிறகு ரிவிட் அடித்தார். கம்பி பிரஷ்ஷால் வெள்ளை பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். ஆசிட்டில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுப் பொங்கி அடங்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஒட்டில் தடவினார். சூட்டுக்கோலை வைத்ததும் ஈயம் வெள்ளி நூல் போல இடுக்குக்குள் தானே ஓடியது. ஆறியதும் சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கழுவாவிட்டால் மிச்ச ஆசிட் உள்ளிருந்தே அரித்துவிடுமாம்.

“பலம் ரிவிட்டுக்கு, அடைப்பு ஈயத்துக்கு. ஈயத்த நம்பி இழுக்கக் கூடாதுப்பா” என்றார்.

இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் வாளி வந்தபின் பற்றவைப்பவரைத் தேடி யார் போகிறார்கள்? பற்றவைக்க ஆள் கிடைக்காத இடத்திலும், ஈயம் எளிதில் ஒட்டாத அலுமினியத்திலும் சிலிகான் போடலாம். அதற்கும் முறை உண்டு. பழைய பூச்சு முழுக்கப் போக வேண்டும், தகரம் ஈரமே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ரிவிட் அடித்த பிறகே சிலிகான் வைக்க வேண்டும். வினிகர் மாதிரிப் புளித்த வாசனை வரும் சிலிகான் மலிவு, ஆனால் அதிலிருந்து வெளிவரும் அமிலம் துத்தநாகப் பூச்சை அரிக்கும். கடையில் நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். மரக்காணம், கோட்டக்குப்பம் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்வதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

விழுந்த சுவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அது செம்மண் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர். முன்பு சுண்ணாம்புப் பூச்சு இருந்தது, நனைந்தாலும் காற்றாடக் காய்ந்துவிடும். சில வருஷங்களுக்கு முன் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று வெளியே சிமென்ட் பூசினார்கள். மேலிருந்து இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மண் சாந்து சேறாகிவிட்டது. வெளியில் சிமென்ட் மட்டும் விறைப்பாக நின்றது. ஒவ்வொரு பருவமழையிலும் சுவர் இடிந்து விழுந்து உயிரிழந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் இரண்டு வரி வருகிறது. தூங்கிக்கொண்டிருந்த பாட்டி, பக்கத்தில் படுத்திருந்த பேரன். ‘கனமழை காரணமாக’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சுவர்களின் தலைமாட்டில் எத்தனை வருஷம் தண்ணீர் சொட்டியது என்று யாரும் கேட்பதில்லை.

ஒழுகல் ஏன் எப்போதும் ஒட்டில் வருகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். சூடும் குளிரும் ஒரு காரணம். ஒட்டுக்கு உரியவர் யாரும் இல்லை என்பது இன்னொரு காரணம். கொத்தனார் சுவரோடு போய்விடுகிறார். தச்சர் கைமரத்தோடு, தகரக்காரர் தகரத்தோடு, பிளம்பர் குழாயோடு. ஓடு தகரத்தைத் தொடும் இடமும் தகரம் குழாயில் இறங்கும் இடமும் யார் வேலையிலும் சேராது. 2003இல் வைத்த அக்கா வீட்டுக் குழாய் கிணற்றடியில் கழன்று எத்தனை காலமோ, தெரியவில்லை. மேலே தகரம் இருந்தது, கீழே கிணறு இருந்தது, நடுவில் ஒரு வளைவு இல்லை. அதே வீட்டில் சித்திரை வெயிலில் லாரித் தண்ணீர் வாங்கினார்கள்.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 51 சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 47,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நான்கு வந்து நின்ற மாதிரி. அது அத்தனையும் ஒரே நாளில் அந்தக் குறுகிய தகரத்தைத் தேடி வந்தது. கொஞ்சமாவது கிணற்றுக்குப் போயிருக்க வேண்டியது, சுவருக்குப் போனது.

ஊர் ஏரிகளிலும் இதே கதையைத்தான் பார்க்கிறேன். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும்படிதான் இந்த மாவட்டத்து ஏரிகளை முன்னோர் வெட்டிவைத்தார்கள். திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகளின் வடிநீர் கடைசியில் கழுவெளிச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து மரக்காணத்தில் கடலுக்குப் போகிறது. நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஏரிக்குக் கணக்கு இருக்கிறது, கரைக்கு எண் இருக்கிறது. இரண்டு ஏரிக்கும் நடுவே ஓடும் வரத்துக் கால்வாய் புதர் மண்டிக் கிடக்கிறது, பல இடங்களில் மனைக்கட்டாகிவிட்டது. ஒரு காலத்தில் அதைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்று ஊரில் ஒருவர் இருந்தார், ஊரார் சேர்ந்து பராமரிக்கும் குடிமராமத்து இருந்தது. ஒட்டைப் பார்ப்பதே ஒருவருடைய வேலையாக இருந்த ஏற்பாடு அது. அதை விட்டது பெரிய தவறு.

ஃபெஞ்சலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை கடந்து ஊர்களுக்குள் புகுந்ததையும், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றதையும் பார்த்தவர்கள் நாம். அவ்வளவு தண்ணீருக்கு முன்னால் ஒரு வீட்டுத் தகரம் எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆற்றை நம்மால் அடைக்க முடியாது. கூரையிலிருந்து கிணறு வரைக்கும் உள்ள பத்து, இருபதடி தூரம் நம் பொறுப்பில் இருக்கிறது.

அக்கா வீட்டில் இப்போது சுவர் எழும்பிவிட்டது, சுண்ணாம்புப் பூச்சோடு. கிணற்றுக் குழாயில் வளைவு மாட்டியாகிவிட்டது. 2025 ஐப்பசியில் அந்த மூலையின் கீழ் தரை காய்ந்தே இருந்தது. அக்கா அந்தப் பக்கெட்டை மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டாள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கிவிடும். அதற்கு முன், புரட்டாசியில் ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்து உங்கள் வீட்டுத் தகரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சருகை வாரிவிடுங்கள், தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்குக் கொசு பறந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் கால் வைக்காதீர்கள், அது சொல்லாமல் உடையும். கூரையோரம் மின்சார சர்வீஸ் வயர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.