மொட்டைக் கடிதமும் பிணத்தின் பதிலும்

மட்டமான படம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நல்ல படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். மட்டமான படம் என்றால் நம்மை மறந்து பேசிவிடுகிறோம். உள்ளே இருக்கும் சங்கதி அப்போதுதான் வெளியே வருகிறது.

படம் 'டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்'. 1972இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் அமிகஸ் என்ற சிறு நிறுவனம் எடுத்தது. இயக்கம் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ். ஐந்து பயங்கரக் கதைகள். அவற்றைச் சேர்த்துக் கட்ட ஒரு நிலவறையும், வழிதவறி அங்கே வந்துவிட்ட ஐந்து பேரும், அவர்களுடைய முடிவைக் காட்டுகிற ஒரு காவல்காரரும். அமிகஸ் இந்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டதில் காசுக் கணக்கும் உண்டு. பேர்பெற்ற நடிகரை முழுப்படத்துக்கு அமர்த்தக் கட்டுபடியாகாது. ஒரு கதைக்குச் சில நாள் என்றால் முடியும். ரால்ஃப் ரிச்சர்ட்ஸனும் பீட்டர் குஷிங்கும் ஒரே சிக்கனப் படத்தில் அகப்பட்டது அப்படித்தான். கதைகள் அமெரிக்காவில் ஈ.ஸி. காமிக்ஸ் 1950களின் முற்பகுதியில் வெளியிட்ட படக்கதைகளிலிருந்து எடுத்தவை.

சென்ற மாதம் நண்பர் வீட்டில் ஐந்தாறு பேர் இதைப் பார்த்தோம். படம் முடிந்து டீ வந்ததும் அபிப்பிராயங்கள் ஆரம்பித்தன. "ரத்தமா அது, சாயம், சிரிப்புத்தான் வந்தது" என்றார் ஒருவர். "குஷிங் கதை மட்டும் தேறும், மற்றதைத் தள்ளுங்கள்" என்றார் இன்னொருவர். "போகட்டும், அவனவனுக்குச் சரியான கூலி கிடைத்தது" என்று ஒரு குரல். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் குரல் என்னுடையது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

குஷிங் கதையைச் சொல்லவேண்டும். கிரிம்ஸ்டைக் என்ற கிழவர். மனைவியை இழந்தவர், குப்பை அள்ளுகிற வேலை. பிறர் எறிந்த பொம்மைகளைச் செப்பனிட்டுத் தெருக் குழந்தைகளுக்குக் கொடுப்பார். குஷிங்கின் மனைவி 1971 ஜனவரியில் இறந்திருந்தார். அந்த முகத்தில் இருக்கும் துக்கத்தை நடிப்பு என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. எதிர்வீட்டுப் பணக்கார வாலிபனுக்குக் கிழவர் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. முதலில் நாய்கள் போகின்றன. பிறகு வேலை போகிறது. பிறகு குழந்தைகளைப் பற்றித் தாய்மார்களிடம் ஒரு சந்தேகம் விதைக்கப்படுகிறது. குழந்தைகள் வருவது நிற்கிறது. கடைசியாகக் காதலர் தினத்தன்று ஒரு கட்டு வாழ்த்து அட்டைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஊரார் எழுதியதுபோல வசைப்பாட்டு. எழுதியவன் அந்த வாலிபன் ஒருவனே. கிழவர் தற்கொலை செய்துகொள்கிறார்.

நம் பாஷையில் இதற்கு மொட்டைக் கடிதம் என்று பெயர். கவிதை எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்தக் கொலைக்கு ஆயுதம் செய்யுள். எதுகை கச்சிதமாக விழுந்திருக்கிறது. சாகடித்தது ஊரின் அபிப்பிராயம். செய்யுள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒரு வருஷம் கழித்து, அதே நாளில், கிழவர் புதைகுழியிலிருந்து எழுந்து வருகிறார். வாலிபன் செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் ஒரு செய்யுள். அதில் கடைசிச் சொல் மட்டும் இல்லை. சொல் இருக்கவேண்டிய இடத்தில் அவனுடைய இருதயம். கதையின் பெயரே 'கவித்துவ நீதி' என்கிற பொருளில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கூலி என்று நான் சொன்னது இதைத்தான்.

பொம்மைக்குக் கை ஒட்டிக் கொடுத்த கிழவர் இதைச் செய்வாரா? செய்யமாட்டார். உயிரோடு இருந்தபோது ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாதவர். அவரை எழுப்பி, கையில் அந்த வேலையைக் கொடுத்தது என் ஆசை. வாலிபன் அவர் வாழ்வைப் பிடுங்கினான். மிச்சமிருந்தது அவருடைய சாந்தம். அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

உள்ளே கிடக்கிற வெறி இப்படி வடிந்துபோவது நல்லதுதானே என்று நண்பர் கேட்டார். வடிகிறதா, பழகுகிறதா என்பது என் சந்தேகம். பழிவாங்கலை ரசிக்க இந்தப் படம் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது: எல்லாவற்றையும் நாமே கண்ணால் பார்த்துவிடுகிறோம். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். வாழ்க்கையில் அப்படி எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நிச்சயத்தை மட்டும் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறோம். அந்தத் தாய்மார்களிடமும் இருந்தது அதே நிச்சயம்தான்.

அவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. பிணம் அவர்கள் கதவைத் தட்டவில்லை. விதைத்தவனுக்குத் தண்டனை உண்டு. நிலமாக இருந்தவர்களுக்கு இல்லை. எங்களில் ஒருவரும் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்லாததில் ஆச்சரியமில்லை.

பல வருஷங்களுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. என்னோடு தினமும் டீ குடிக்கிற ஒருவரைப் பற்றி. அதை நான் எழுதவில்லை. யாரிடமும் படித்துக் காட்டவும் இல்லை. வேறு மேஜைக்கு மாறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். நாலு மாதத்தில் அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடிதம் பொய் என்று பிற்பாடு தெரிந்தது. எழுதியவனை மனசார நிறைய நாள் சபித்தேன். சபித்தது எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

படத்தின் முடிவில் ஐந்து பேரும் ஏற்கெனவே செத்தவர்கள் என்று தெரிகிறது. பிறகு ரிச்சர்ட்ஸன் காமிராவைத் திரும்பிப் பார்த்து, அடுத்தது யார், நீயா என்று கேட்கிறார். மலிவான உத்தி என்று நாங்கள் ஏகமனதாக முடிவு செய்தோம். மலிவான உத்திதான். ஆனால் படம் முழுவதிலும், எதிர்வீட்டுக்காரனை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவனிடம் பேசிய இடம் அது ஒன்றுதான். நான் அப்போது டீக்கு எழுந்துகொண்டிருந்தேன்.