எனக்கு முன்னே வந்தவர்

(சிங்கப்பூர்த் தமிழ்ச் சபை ஒன்றில் புதிதாகப் பொறுப்பேற்ற போதகர், தமது முதல் ஞாயிறு ஆராதனையில் கொடுத்த செய்தி)



நியமனக் கடிதம் கைக்கு வந்த நாள்முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை. ஊழியம் புதிதல்ல. ஆனாலும் ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போவதென்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. எந்த வீட்டில் என்ன துக்கம், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கீர்த்தனையைப் பாடினால் யாருக்குக் கண் கலங்கும், ஒன்றும் தெரியாமல் வந்து நிற்க வேண்டும்.

பவுலுக்கும் இந்தப் பயம் இருந்தது. கொரிந்துவில் வந்து இறங்கியபோது தம் உடம்பிலும் மனதிலும் தெம்பே இல்லை என்பதைப் பின்னாளில் அந்தச் சபைக்கே மறைக்காமல் எழுதினார். கொரிந்து எப்படிப்பட்ட ஊர்? இரண்டு பக்கமும் துறைமுகம். சரக்கு ஏற்றுகிறவர், இறக்குகிறவர், வட்டிக்குக் கொடுக்கிறவர், பல பாஷைக்காரர். நம் சிங்கப்பூர் மாதிரிதான். அங்கே அவருக்கு இடம் கொடுத்தது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி. யூதர்கள் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டும் என்று கிலவுதியு இராயன் உத்தரவு போட்டதால், பிழைக்க வந்த கூடாரத் தொழிலாளிகள்.

அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தை வீட்டில் நிதானமாக வாசியுங்கள். ஓர் இரவில் கர்த்தர் பவுலுக்குத் தைரியம் சொல்கிறார். அதற்கு அவர் காட்டுகிற காரணத்தைக் கவனியுங்கள். அந்த ஊரில் தமக்குச் சொந்தமானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம்! அவர்களில் பலரைப் பவுல் இன்னும் பார்த்ததுகூட இல்லை. கர்த்தருக்கு அவர்களைத் தெரியும். அந்த வார்த்தையை நம்பித்தான் பவுல் ஒன்றரை வருஷம் அங்கே தங்கினார்.

நம் ஊரிலும் அதுவே நடந்தது. 1885 பிப்ரவரி 7ஆம் தேதி மெதடிஸ்ட் மிஷனரிகளான தோபர்ன் ஐயரும் ஓல்டம் ஐயரும் சிங்கப்பூரில் கப்பல் இறங்கினார்கள். ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர், நில அளவைக்காரராக வேலை பார்த்தவர். அப்போது வயது முப்பது. அமெரிக்காவில் படித்துவிட்டு இந்தியா திரும்பிய பிறகுதான், தம்மைச் சிங்கப்பூருக்கு நியமித்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. தெரிந்த முகமே இல்லாத ஊர் என்று நினைத்து வந்தவர்களைத் துறைமுகத்தில் ஒருவர் எதிர்கொண்டார். சார்லஸ் பிலிப்ஸ் என்று பெயர். இவர்கள் வருவதை அவர் முன்பே சொப்பனத்தில் கண்டிருந்தாராம். மெதடிஸ்ட் சபையார் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஊழியர் கரை சேருமுன்னே ஜெபம் கரையில் காத்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1887இல், ஆஸ்திரேலியாவிலிருந்து மிஷனரியாகச் சோபியா பிளாக்மோர் அம்மையார் வந்தார். தங்கள் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று இங்கிருந்த தமிழ் வியாபாரிகள் ஆசைப்பட்டார்கள். ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது பிள்ளைகளோடு அம்மையார் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்று தொடங்கிய அதுதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. அம்மையாரின் உழைப்பு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வருமுன்பே அந்தத் தகப்பன்மார் மனதில் அந்த ஆசையைப் போட்டு வைத்தது யார்?

எனக்கும் அப்படித்தான் நடந்தது. நான் போன ஞாயிற்றுக்கிழமையே இங்கே வந்திருந்தேன், யாரிடமும் சொல்லாமல். தேக்கா பக்கமாக நடந்து வந்தேன். பணம் அனுப்புகிற கடைகளில் வரிசை, புல்தரையில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்த தம்பிமார், வீடியோவில் பிள்ளையைக் கொஞ்சுகிற தகப்பன்மார். உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கம்பெனிச் சட்டையோடு இருந்த ஒரு தம்பி நகர்ந்து இடம் விட்டார். "அண்ணே, ஊருக்குப் புதுசா? எந்த டார்ம்?" என்று கேட்டு, பாட்டுப் புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். பக்கத்தின் ஓரத்தில் சிமெண்ட் அப்பிய விரல் ரேகை. அவர் விரல் வைத்துக் காட்டிய வரியிலிருந்துதான் நான் பாட ஆரம்பித்தேன். இந்தச் சபையில் என்னை முதலில் மேய்த்தவர் அவர்.

நேற்றுச் சாயங்காலம் ஆலயத்தைத் திறந்து காட்ட வந்த பாட்டியம்மா ஒரு நோட்டைக் கொடுத்தார். உங்கள் வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்து நோட்டு. யாருக்கோ அறுவை சிகிச்சை, யாருக்கோ வேலை அனுமதி நீட்டிப்பு, ஓ லெவல் தேர்வு எழுதுகிற பிள்ளை. ஒவ்வொரு வாரத்திலும் கடைசி வரி மட்டும் மாறவில்லை: 'வரப்போகிற ஐயருக்காக.' நான்கு மாதமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கே நியமனம் தெரியாத நாட்களும் அதில் இருக்கின்றன. ஊழியக்காரன்தான் சபைக்காக ஜெபிப்பான் என்று நினைத்திருந்தேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் முழங்காலில் இருந்தேன்.

அதனால் இன்றைக்குப் புதிய திட்டம் எதையும் நான் அறிவிக்கப் போவதில்லை. வாரநாட்களில் சாயங்காலம் உங்கள் வீடுகளுக்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு தொழிலாளர் தங்குவிடுதிகளுக்கு வருகிறேன். படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு இந்த மாதமே திருவிருந்து கொண்டுவருகிறேன்.

ஆசீர்வாதம் முடிந்ததும் அந்த நோட்டோடு வாசலில் நிற்பேன். அவசரப்படாமல் வாருங்கள். உங்கள் பெயரையும், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நானே என் கையால் எழுதிக்கொள்கிறேன். கடைசி பெஞ்சில் இருக்கிற தம்பி, முதல் பெயர் உங்களுடையது.